இறங்கியதாக ஒரு கையெழுத்து

விசாரணை அறையில் அன்று ஆறு பேர் இருந்தார்கள்.

நீள மேசையின் தலைமாட்டில், மின்விசிறிக்கு நேர் கீழே, விசாரணை அதிகாரி. அவருக்கு இடது கைப்பக்கம் தட்டச்சு செய்பவர். வலது கைப்பக்கம் நில அளவை அலுவலகத்தின் மேலாளர், மடியில் ஒரு ஃபைலோடு. ஜன்னலோரம் இறந்துபோனவரின் மனைவி. அவருக்கு எதிரே, கட்டுப்போட்ட வலது முழங்காலை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டு, இறந்துபோனவரின் நண்பர். ஆறாவது ஆள் மலையடிவாரக் கேட்டின் காவலாளி. மேசையைச் சுற்றி இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தும் அவர் கதவோரம் கிடந்த முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்; அதிலும் பாதியில்தான்.

நண்பருக்கு அலுவலகத்தில் ஃபைல்காரர் என்று பெயர். பதிவறையில் இருபத்து நான்கு வருஷமாக இருக்கிறார். எந்த நிலத்தின் ஃபைல் எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். இறந்துபோனவர் அதே அலுவலகத்தின் நில அளவையாளர். அளக்கிற சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட 'சங்கிலி' என்ற பெயர், அளவைக்குக் கருவிகள் வந்த பிறகும் அவரை விடவில்லை. நகமும் சதையும் என்பார்களே, இந்த இரண்டு பேரில் யார் நகம் யார் சதை என்று அலுவலகத்தில் பந்தயமே நடந்ததுண்டு.

சங்கிலி மலையில் விழுந்து செத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினைந்து நாளும் ஃபைல்காரருக்கு எதுவும் உறைக்கவில்லை. காப்பி சுடவில்லை, குளித்த தண்ணீர் குளிரவில்லை, அழுகையும் வரவில்லை. பல் பிடுங்கும் முன் ஈறில் ஊசி போடுவார்களே, அந்த மரமரப்பு உடம்பு முழுக்கப் பரவியது மாதிரி இருந்தார்.

"கேட்டைச் சாத்தறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும்?" அதிகாரி காவலாளியிடம் கேட்டார்.

"ஏறின கையெழுத்தை எண்ணணும். இறங்கின கையெழுத்தை எண்ணணும். ரெண்டும் ஒண்ணா இருந்தா அஞ்சரைக்குப் பூட்டலாம். ஒண்ணு குறைஞ்சாலும் பூட்டக் கூடாது. விசில் ஊதிக்கிட்டே ரெண்டு பேர் மேல போய்த் தேடணும்."

"அன்னிக்கு?"

"நாப்பத்திமூணு பேர் ஏறினாங்க. நாப்பத்திமூணு கையெழுத்து இறங்கிச்சு. ரெண்டு தடவை எண்ணினேன்."

"இவர் கையெழுத்து போட்டதைக் கண்ணால பார்த்தியா?"

"இல்லீங்க. சுற்றுலாக் கூட்டம் ஒண்ணு மொத்தமா இறங்கிச்சு. பை எல்லாம் சோதிக்கணும், பிளாஸ்டிக் இருக்கான்னு. நோட்டு மேசை மேலயே இருக்கும். அவங்க அவங்களே போட்டுட்டுப் போவாங்க."

அதிகாரி நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தில் விரல் வைத்தார். "இறங்கின நேரம் அஞ்சு பன்னிரண்டு. பக்கத்துல கையெழுத்து. இறந்தவரோடதுதான்னு நிபுணர் சொல்லிட்டார். அஞ்சு பன்னிரண்டுக்குக் கீழ இருந்த மனுஷன் மறுநாள் மேல கிடந்திருக்கார். பூட்டின கேட்டைத் தாண்டிப் பறந்தா போனார்? நீதானே விட்டிருக்கணும்?"

"நான் விடலைங்க."

"அப்போ யார் விட்டா? நானா?"

காவலாளி முக்காலியின் விளிம்புக்கு இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.

அதிகாரி நோட்டை ஃபைல்காரர் பக்கம் தள்ளினார். குரலில் 'நீ' போய் 'நீங்க' வந்தது. "அவர் உங்களுக்குப் பின்னாடி வந்துட்டிருந்தார்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. சரிதானே சார்?"

"சரிதான்."

"இது அவர் கையெழுத்துதானே?"

ஃபைல்காரர் பார்த்தார். முதல் எழுத்தின் வயிறு பெருத்து, கடைசி எழுத்தின் வால் மேலே சுழித்து ஒரு புள்ளியில் நின்றிருந்தது. "அவர் கையெழுத்து மாதிரிதான் இருக்கு," என்றார்.

"மாதிரி என்ன மாதிரி! அவரோடதுதான்," என்று அதிகாரி தட்டச்சுக்காரரைப் பார்த்தார். தட்டச்சுப் பலகை சடசடவென்று அதை உண்மையாக்கியது.

முடிவும் அங்கேயே வாசிக்கப்பட்டது. இறந்தவர் பத்திரமாக இறங்கிக் கையெழுத்திட்ட பின், என்ன காரணத்தாலோ, நேரம் கடந்து மீண்டும் ஏறியிருக்கிறார். அனுமதித்தது காவலாளியின் குற்றம். அவரை வேலையிலிருந்து நீக்கலாம். ஆட்சேபம் உள்ளவர்கள் ஏழு நாளுக்குள் எழுத்தில் தரலாம்.

வெளியே வராந்தாவில் சங்கிலியின் மனைவி ஃபைல்காரரை நிறுத்தினாள். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. இறங்கி வந்தவர் எதுக்குத் திரும்ப ஏறினாரு?"

"தெரியலைம்மா."

"அன்னிக்குக் காலையில சண்டை போட்டேன். ஐம்பது வயசுல மலை ஒண்ணுதான் குறைச்சலான்னு கேட்டேன். சிரிச்சாரு. எனக்கு எரிச்சல் வந்து, அப்படியே அங்கேயே இருந்துடுங்கன்னு சொல்லிட்டேன். வண்டி கீழ நிக்குது. சாவி பையில இருக்கு. வீட்டுக்கு வர மனசு இல்லாமதானே அண்ணே மேல போயிருக்காரு? ஊரெல்லாம் அப்படித்தான் பேசுது. தானா போய் விழுந்துட்டார்னு சொல்றாங்க."

"அப்படி எல்லாம் இல்லைம்மா."

"எப்படித் தெரியும் உங்களுக்கு? நீங்கதான் பஸ் ஏறிட்டீங்களே."

அவள் போய்விட்டாள்.

திரும்பும்போது ஜீப்பில் மேலாளர் பக்கத்தில் உட்கார்ந்தார். டிரைவர் காதில் விழாதபடி குனிந்தார். "நல்லா பதில் சொன்னே. 'மாதிரிதான் இருக்கு'. பொய்யும் இல்லை, வம்பும் இல்லை. இனிமே வாயைத் திறக்காதே."

"சார், அந்தக் காவலாளி..."

"அவனுக்கு வேற எங்கயாவது ஒரு கேட் கிடைக்கும்யா. பூட்டுக்கா பஞ்சம் உலகத்துல? நீ உண்மை பேசறேன்னு கிளம்பினா என்ன ஆகும், யோசி. நம்ம வருகைப் பதிவேட்டை எடுப்பாங்க. திங்கட்கிழமை நீ பண்ணின காரியத்தை நான் சிவப்பு மையால மூடி வச்சிருக்கேன். யாரு யாருக்குப் போடலை நம்ம ஆபீஸ்ல? நானே போட்டிருக்கேன். ஒரு நூலைப் பிடிச்சு இழுத்தா மொத்தத் துணியும் பிரிஞ்சுடும். செத்தவன் எழுந்து வரப்போறானா?"

ஃபைல்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேலாளர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்தத் 'திங்கட்கிழமைக் காரியம்' என்ன என்பதை வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் பதினாறு வருஷத்தை.

பதினாறு வருஷத்துக்கு முன் அது ஓர் உபகாரமாகத்தான் ஆரம்பித்தது. நிலம் அளக்க வெயில் ஏறுமுன் போக வேண்டும். அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனால் பத்தரை ஆகிவிடும். "எனக்கும் சேர்த்துப் போட்டுடு ஃபைலு," என்றார் சங்கிலி. ஃபைல்காரர் போட்டார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு வாரம் சங்கிலி பதிலுக்குப் போட்டார். அப்புறம் மழைக்குப் போட்டார்கள், தூக்கத்துக்குப் போட்டார்கள், சும்மாவும் போட்டார்கள். எதிலும் ஒழுங்கு பார்க்கிற ஃபைல்காரர் கையெழுத்திலும் ஒழுங்கு பார்த்தார். பழைய காகிதங்களில் நூறு தடவை எழுதிப் பழகினார். சங்கிலி ஒருமுறை பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "டேய், என் கையெழுத்தை என்னைவிட நீதான்டா நல்லா போடறே," என்று வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பாராட்டு ஃபைல்காரருக்கு இனித்தது. பொய்க் கையெழுத்து என்று இரண்டு பேருமே அதை நினைத்ததில்லை. சிநேகிதம் என்று நினைத்தார்கள்.

மலை ஏறும் யோசனை சங்கிலியுடையது. "நம்ம ஆபீஸ் ஜன்னல்ல இருந்து தினம் பார்க்கறோம். ஒரு நாள் அங்கே இருந்து ஆபீஸைப் பார்த்தா என்ன?" என்றார். ஞாயிறு விடிந்ததும் சங்கிலியின் வண்டியில் போனார்கள். ஏறும்போது நோட்டில் அவரவர் கையெழுத்தை அவரவரே போட்டார்கள்.

முதல் ஒரு மணி நேரம் மரநிழல். அதன்பின் நிழலும் இல்லை, பாதை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, பாறைதான். பாறையில் கால் வைக்கக் குழி வெட்டியிருந்தார்கள். ஏறுகிறவர்கள் அந்த இடத்துக்கு மூச்சுமுட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். பாதி மூச்சுமுட்டியில் ஃபைல்காரர் பல்லியைப் போல ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னடா, ஃபைல் தொலைஞ்சு போச்சா?" மேலே இருந்து குரல் வந்தது.

"கால் நடுங்குதுடா. கீழ பார்த்துட்டேன்."

"உன்னை யாரு கீழ பார்க்கச் சொன்னது? ஆபீஸ்லதான் கீழயே பார்த்துக்கிட்டு இருக்கே. மேல பாரு. என் கையைப் பாரு. என் மூஞ்சியைப் பார்க்காதே, இன்னும் பயப்படுவே."

அந்தக் கை வந்தது. வெயிலில் கருத்த, காய்ப்பு ஏறிய கை. அதைப் பிடித்து ஃபைல்காரர் மேலே வந்தார். இன்னும் மூன்று இடத்தில் அதே கை. உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. தூரத்தில் அலுவலகம் தீப்பெட்டி அளவுகூட இல்லை. "அங்கே உட்கார்ந்துக்கிட்டா நாம இத்தனை சண்டை போடறோம்!" என்றார் சங்கிலி.

இறங்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஃபைல்காரரின் முழங்கால் வீங்கிவிட்டது. மூச்சுமுட்டியை அவரைத் தோளில் தாங்கித்தான் சங்கிலி இறக்கினார். பாறை முடிந்து பாதை தெளிவாகத் தெரிகிற இடம் வந்ததும் சங்கிலி நின்றார். இடப்பக்க முகட்டைப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் ஒரு பழைய எல்லைக்கல் இருக்கணும்டா. வரைபடத்துல இருக்கு. யாருமே நேர்ல பார்த்ததில்லை. ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்."

"இப்பவா?"

"பத்து நிமிஷம். நீ மெதுவா இறங்கு. அந்த முழங்காலை மடக்கி வண்டியில உட்கார முடியாது. நீ ஆறு மணி பஸ்ஸைப் பிடி. நான் அக்கா வீட்டுல தங்கிட்டுக் காலையில நேரா ஆபீஸ் வந்துடறேன். வீட்டுலயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்." நாலடி போய்த் திரும்பினார். "கீழ நோட்டுல எனக்கும் சேர்த்துப் போட்டுடு. அஞ்சரைக்குப் பூட்டிட்டான்னா தொல்லை. நான் வேலி ஓரமா வந்துடுவேன்."

ஃபைல்காரர் கீழே வந்தபோது மேசையைச் சுற்றிச் சுற்றுலாக் கூட்டம். காவலாளி ஒரு பைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். ஃபைல்காரர் தன் பெயருக்கு எதிரே ஐந்து பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதே பேனாவால் அடுத்த வரியில் சங்கிலிக்கு. ஒரே நேரமாக இருந்தால் சந்தேகம் வரும் என்று ஐந்து பன்னிரண்டு என்று எழுதினார். இரண்டு நிமிஷம் தள்ளி, நம்பும்படியாக.

பஸ்ஸில் மழை ஜன்னலில் அடித்தது. வீட்டுக்கு வந்து ஒரு தடவை போன் செய்தார், தொடர்பு கிடைக்கவில்லை. அக்கா வீட்டுப் பக்கம் எப்போதுமே கிடைக்காது. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு சங்கிலி வரவில்லை. நல்லா தூங்கறான் போல என்று நினைத்த ஃபைல்காரர், வழக்கம்போல வருகைப் பதிவேட்டில் அவருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். பதினொன்றரைக்கு சங்கிலியின் மனைவியிடமிருந்து போன் வந்தது. அக்கா வீட்டுக்கு அவர் போகவே இல்லை. மூன்று மணிக்குக் கண்டுபிடித்தார்கள். முகட்டிலிருந்து சறுக்கி, தொடை எலும்பு முறிந்து, ஒரு பாறை இடுக்கில் கிடந்திருக்கிறார். இரவு முழுக்க மழையில் உயிரோடு இருந்திருக்கிறார். காலை பத்து மணி வாக்கில் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

வந்திருப்பதாக அலுவலகத்தில் கையெழுத்து விழுந்த அதே நேரம். அப்போதுதான் ஃபைல்காரருக்கு அந்த மரமரப்பு ஏறியது. அப்புறம் இறங்கவில்லை.

விசாரணை முடிந்த நாலாம் நாள், சனிக்கிழமை காலையில், காவலாளி ஃபைல்காரர் வீட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு உறையும் நான்கு வெள்ளைத்தாளும்.

ஃபைல்காரருக்கு ஒரு கணம் தோன்றியது: கண்டுபிடித்துவிட்டான். அதிலும் அவருக்குப் பயம் வரவில்லை.

"சார், தப்பா நினைக்காதீங்க," என்றார் காவலாளி. "ஆட்சேபம் எழுதிக் குடுக்க இன்னும் மூணு நாள்தான் இருக்கு. எனக்கு எண்ணத் தெரியும், பேர் எழுதத் தெரியும். மனு எழுதற அளவுக்குப் படிப்பு இல்லை. எழுதித் தர்றவங்ககிட்ட போனா, அவங்க பாட்டுக்குக் கால்ல விழற மாதிரி எழுதறாங்க. நீங்க ஆபீஸ்ல எழுத்து வேலை பார்க்கறவர். அன்னிக்கு அங்கே இருந்தவர். செத்தவருக்கு சிநேகிதர். நீங்க எழுதினா உண்மையா இருக்கும்னு வந்தேன்."

ஃபைல்காரர் அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். இங்கேயும் பாதி நாற்காலிதான். ஃபைல்காரரின் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் தாளை நேராக வைத்து, ஓரம் மடித்து, தேதி எழுதி, 'மதிப்பிற்குரிய ஐயா' வரை வந்தார். கை தானாக வேலை செய்தது.

"சொல்லுங்க."

காவலாளி முதுகை நிமிர்த்திக்கொண்டார். நேற்றிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். "நான் பதினோரு வருஷமா கேட்ல இருக்கேன். ஒருத்தரைக்கூட மலையில விட்டுட்டுப் பூட்டினதில்லை. மூணு தடவை எண்ணிக்கை குறைஞ்சுது. மூணு தடவையும் நானே ஏறிப் போய் ஆளைக் கொண்டுவந்தேன். அதுல ஒருத்தர் தூங்கிட்டார், ஒரு புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டுக்கிட்டு ஆளுக்கு ஒரு பாறையில உட்கார்ந்திருந்தாங்க... இதெல்லாம் எழுத வேண்டாம் சார், சும்மா சொல்றேன்."

"ம்."

"இதை மட்டும் எழுதுங்க. மலை மேல இருக்கற ஆளை என்னால கீழ இருந்து பார்க்க முடியாது. கையெழுத்தைத்தான் பார்ப்பேன். எனக்கு அந்தக் கையெழுத்துதான் ஆளு. அது பொய் சொல்லும்னா, அப்புறம் நான் எதை எண்ணறது?"

பேனா நின்றது.

ஃபைல்காரர் எழுதியதைப் படித்தார். தன் அழகான கையெழுத்தில் அந்த வரி இருந்தது. வெளியே யாரோ வாளியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

"நீங்க சரியாத்தான் எண்ணினீங்க," என்றார். "ஒரு கையெழுத்து பொய். அதைப் போட்டது நான்தான்."

காவலாளி புரியாமல் பார்த்தார்.

"அவன் இறங்கவே இல்லை. அவன் சொன்னான், நான் போட்டேன். அஞ்சு பன்னிரண்டுன்னு எழுதினதும் நான்தான்."

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவியின் வளையல் சத்தம் நின்றது. காவலாளி எழுந்து நின்றார். அடிப்பார் என்று ஃபைல்காரர் நினைத்தார். அடித்தால் தேவலை என்றும் நினைத்தார். காவலாளி அடிக்கவில்லை. ஏதோ தூரத்தை அளப்பதுபோல் சுவரைப் பார்த்தார்.

"அவர் கிடந்த இடம் கேட்ல இருந்து ஒண்ணே கால் மணி நேரம் சார்," என்றார் கடைசியில். "நாப்பத்திரண்டுன்னு இருந்திருந்தா, அஞ்சரைக்கு விசில் எடுத்திருப்பேன். ஏழு மணிக்குள்ள அவர் பக்கத்துல இருந்திருப்பேன்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் அன்னிக்கு அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தீங்களா?"

ஃபைல்காரர் தலையை ஆட்டினார்.

"நான் திருட்டுத்தனமா ஆளை விட்டேன்னு என் பொண்ணே என்னைக் கேக்கறா சார்," என்றார் காவலாளி. குரல் உயரவில்லை. கொண்டுவந்த தாள்களில் மிச்சமிருந்த மூன்றையும் எடுத்து அடுக்கினார். பிறகு என்ன நினைத்தாரோ, மேசை மேலேயே திரும்ப வைத்தார். "இனிமே நான் சொல்ல ஒண்ணும் இல்லை. நீங்களே எழுதுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். காப்பியைத் தொடவில்லை.

ஃபைல்காரர் முதல் தாளை ஓரமாக வைத்துவிட்டுப் புதுத்தாளில் தேதி போட்டார். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"வேலை போயிடுமா?"

"போகலாம்."

"என்கிட்டகூடச் சொல்லலையே."

"சொல்ல வாய் வரலை."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் எழுதி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, கடிதத்தோடு அவர் முதலில் போனது சங்கிலியின் வீட்டுக்கு. வாசலில் நின்றே சொன்னார். எழுதியதை எழுதியபடி, வரிசையாக, ஒன்றையும் விடாமல் சொன்னார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்போ அவர் திரும்ப ஏறலையா?"

"இல்லைம்மா. இறங்கவே இல்லை. எல்லைக்கல் பார்க்கப் போனான்."

"கோவிச்சுக்கிட்டுப் போகலையா?"

"இல்லை. அன்னிக்கு முழுக்க சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தான்."

"வீட்டுக்கு வரணும்னுதானே இருந்தாரு?"

"ஆமாம்மா."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. மூன்று வாரமாகத் தாங்கியிருந்த பாரம் அவளை விட்டு இறங்குவதை ஃபைல்காரர் பார்த்தார். முந்தானையை எடுத்தபோது அவள் கண்ணில் வேறொன்று இருந்தது.

"அவர்தான் போடச் சொன்னாரு. சரி. அவருக்கு புத்தி இல்லை. நீங்க போட்டீங்க, அதுவும் சரின்னு வச்சுக்கறேன். ஆனா என்கூட இந்த வாசல்லயே உட்கார்ந்து, 'ஏன் ஏறினார்னு தெரியலையே'ன்னு எத்தனை தடவை சொன்னீங்க? நான் என் நாக்கை அறுத்துக்கலாமான்னு இருந்தேன். இனிமே இந்த வீட்டுக்கு வராதீங்க அண்ணே."

அண்ணே என்ற சொல்லை அவள் விடவில்லை. ஆனால் கதவைச் சாத்திவிட்டாள்.

தபால் நிலையத்தில் கூட்டம் இல்லை. உயரமான எழுதுமேசை அருகே நின்று, ஒட்டுவதற்கு முன் ஃபைல்காரர் கடிதத்தை இன்னொரு முறை படித்தார். அவர் வழக்கப்படி நடந்தது நடந்த வரிசையில் இருந்தது. ஞாயிறு ஐந்து பத்து, ஐந்து பன்னிரண்டு, திங்கள் பத்து மணி. அந்தத் திங்கட்கிழமைக் கையெழுத்தின் மேல் மேலாளர் பூசிய சிவப்பு மையும் இருந்தது. காவலாளி மேல் எந்தக் குற்றமும் இல்லை, அவருக்கு வேலையும் அவர் பெயரும் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது தனிப் பத்தியாக இருந்தது. கடைசிப் பத்தி இது:

'ஐயா, ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடுவதை எங்கள் அலுவலகத்தில் உதவி என்று சொல்லிக்கொள்கிறோம். பதினாறு வருடம் நானும் அப்படித்தான் நம்பினேன். அது உதவி இல்லை. இல்லாத மனிதனை இருக்கிறான் என்று சொல்லி, அவனைத் தேட வேண்டியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிற காரியம் அது. என் நண்பன் என்னை நான்கு இடத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். நான் அவனுக்குப் பதிலாகக் கொடுத்தது ஒரு கையெழுத்து. அவனைக் கொன்றது மலை மட்டும் அல்ல. சின்னப் பொய்தானே என்று பழகிப்போன என் கையும்தான். இனி எங்கள் பதிவேட்டிலும் எந்தக் கேட்டின் நோட்டிலும் தன் கையெழுத்தை அவரவரே போடட்டும். வராதவரின் இடம் காலியாகவே இருக்கட்டும். அது காலியாக இருந்தால்தான் யாராவது தேடிப் போவார்கள்.'

அழுகை வருமா என்று ஒரு நிமிஷம் காத்திருந்தார். வரவில்லை. முழங்கால் மட்டும் வலித்தது. அந்த வலி உறைத்தது.

விசாரணை அதிகாரிக்கான கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். அலுவலகத் தலைவருக்கான நகலை இன்னொரு உறையில் வைத்தார். பசைக் கிண்ணத்தில் குச்சியைத் தோய்த்து இரண்டின் வாயையும் ஒட்டி, பிரியாதபடி உள்ளங்கையால் அழுத்தினார்.

"பதிவுத் தபாலா சார்?" கவுன்டரில் இருந்த பெண் கேட்டாள்.

"ஆமாம்மா. இன்னிக்கே போகணும். நாளைக்குக் கடைசி நாள்."

அவள் முகவரிகளைப் படித்து முத்திரை குத்தினாள். இரண்டு உறைகளையும் பின்னாலிருந்த பைக்குள் போட்டாள். பத்து நிமிஷத்தில் ஒருவர் வந்து பையின் வாயைக் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு, வெளியே நின்ற வண்டியில் ஏற்றினார். ஃபைல்காரர் நின்று அதைப் பார்த்தார். வண்டி கிளம்பியது.